முன் பிரேக்கில் புகுந்த காற்றும் திருத்தணி மலைப் பாதையும்

பொங்கல் லீவு முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி ரேவதியும் அம்பத்தூரிலிருந்து திருத்தணிக்கு பைக்கில் போனோம். ஓட்டியது ரேவதி, பின்னால் உட்கார்ந்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழிநெடுக எல்லாரும் என்னைத்தான் "சார், எவ்ளோ மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார்கள். வண்டியும் அவளுடையதுதான். பழைய நூற்றைம்பது சிசி, ஏபிஎஸ் கிடையாது, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்.

ரேவதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேசுவது கையால். கீழே அவள் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னதுதான். லைசென்ஸ் முறையாக எடுத்திருக்கிறாள். பின்னால் உட்காருகிறவனுக்கு ஒரே வேலை: பெரிய வண்டி ஏதாவது முந்த வந்தால் வலது தோளில் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஆனால் நான் தட்டுவதற்கு முன்பே அவள் கண்ணாடியில் பார்த்து ஒதுங்கியிருப்பாள். சில நேரம் எனக்கு அந்த வேலையும் இருக்காது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மாமனார். ரேவதி அவரை நைனா என்பாள், நான் மாமா என்பேன். அம்மையார்குப்பத்தில் நெசவுக் குடும்பம், வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் ரெண்டு பவர்லூம் ஓடுகிறது. ரேவதி வண்டி வாங்கிய செய்தி தெரிந்ததும் அவர் ரொம்ப நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. வீடியோ கால் வந்தால் போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விடுவார். அப்படிப்பட்டவர் இந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ரேவதியைப் பார்த்துக் கையால் கேட்டார்: "உன் வண்டியில என்னை மலைக்குக் கூட்டினு போவியா?" முட்டி வலியால் அவர் மலையேறி ரொம்ப நாளாகியிருந்தது. ஆட்டோவில் போயிருக்கலாம், ஆனால் கேட்டது இவளை. அன்று முழுக்க ரேவதி சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஏற்பாடு இப்படி: நாங்கள் அம்பத்தூரிலிருந்து வருவது, மாமாவும் ரேவதியின் அக்கா வீட்டுக்காரர் குமாரும் அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவது, திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் சந்திப்பது, அங்கிருந்து மாமா மட்டும் ரேவதியோடு மேலே போவது.

திருவள்ளூர் வரை ஹைவேயில் போய், அதற்கப்புறம் மணவூர், திருவாலங்காடு வழியாகச் சின்ன ரோட்டைப் பிடித்தோம். ஹைவேயிலேயே போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் தை மாதத்தில் இந்தப் பக்கம் ரெண்டு பக்கமும் கரும்பும் நெல்லும்தான், காலை வெயிலில் அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: அரவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டில் வரிசை கட்டிப் போகும். பின்னால் லைட் எரியாது. எப்போது நிற்கும் என்று டிராக்டருக்கே தெரியாது.

திருவாலங்காடு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் போன டிராக்டர் அப்படித்தான் நின்றது. ரேவதி முன் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. லிவர் ஆக்ஸிலேட்டர் பிடிவரை தொய்ந்துபோய் ஒட்டிக்கொண்டதை நான் அவள் தோளுக்கு மேலிருந்து பார்த்தேன். பின் பிரேக்கை மிதித்து, கியரை இறக்கி, வண்டியை இடது பக்கம் மண்ணில் விட்டாள். கரும்புத் தோகை என் ஹெல்மெட்டில் உரசியது. நின்றபோது டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை.

இறங்கிப் பார்த்தால் முன் பிரேக் ஹோஸ், அதாவது கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு ஆயில் கொண்டு போகும் ரப்பர் குழாய், வளையும் இடத்தில் வெடித்திருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் முழுக்க ஆயில் வடிந்திருந்தது. ரேவதி ஈர இடத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "டயரை நான் போன மாசம் பார்த்தேன். இதைப் பார்க்கல."

அங்கிருந்து திருத்தணி பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பி, இருபதைத் தாண்டாமல், ஓரமாகவே போனோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள்.

திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் ஹோஸ் கிடைத்தது, நானூற்றைம்பது ரூபாய். பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் கடை. ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு வருகிற வண்டிகளெல்லாம் அவரிடம்தான். ஆறேழு வண்டி வரிசையில் நின்றது. எங்கள் அவசரத்தைச் சொன்னதும் நல்ல மனிதர், நடுவில் எடுத்துக்கொண்டார். பழைய ஹோஸைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஆயில் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற ஏர் எடுத்து, பத்து தடவை லிவரை அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"முடிஞ்சிது சார். கொஞ்சம் லூசா இருக்கும். ஓட ஓட செட்டாயிடும்."

ரேவதி லிவரைப் பிடித்துப் பார்த்தாள். ரெண்டு விரலால் மெதுவாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. பிறகு தலையை ஆட்டினாள்.

"உள்ள காத்து இருக்கு. இதுல நைனாவை ஏத்த மாட்டேன்."

மெக்கானிக்கிடம் சொன்னேன். "இருக்கும் சார், இல்லைன்னு சொல்லல. புது ஹோஸ் போட்டா கொஞ்சம் நின்னுடும். முழுசா எடுக்கணும்னா வண்டிய வுட்டுட்டுப் போங்க, சாயந்திரம் பாத்துத் தரேன். இப்ப பாருங்க, எத்தினி வண்டி நிக்குது!" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமாவும் குமாரும் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமா வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, கையில் பூஜைச் சாமான் பை. தரையில் சிந்திக் கிடந்த ஆயிலைப் பார்த்தார். கழற்றிப் போட்ட பழைய ஹோஸைப் பார்த்தார். ரேவதியிடம் கையால் கேட்டார்: "பிரேக் இல்லாம வந்தியா?"

ரேவதி பொய் சொல்லவில்லை. "முன்னால இல்ல. பின்னால இருந்தது. மெதுவா வந்தோம்."

மாமா எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

குமார் என் பக்கத்தில் வந்து, "சகலை, இன்னிக்கி வாணாம். நான் ஆட்டோ பேசிடறேன். மாமாவ மேல கூட்டினு போயிட்டு வந்துடலாம். வண்டி இங்கியே இருக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரேவதியிடம் சொன்னேன். அவள் டீக்கடை பெஞ்சில் தெரிந்த அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னைக்கு ஆட்டோல போனா, நைனா என் வண்டியில ஏறவே மாட்டாரு," என்றாள். "ஒரு மணி நேரம் குடு."

மெக்கானிக்கிடம் ஒரு எட்டு நம்பர் ரிங் ஸ்பேனர் கேட்டோம். கொடுத்தார். பிரேக் ஆயில் ஒரு பாட்டில், மீன் தொட்டிக்குப் போடும் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. வண்டியைக் கடைக்குப் பக்கத்தில் புங்க மர நிழலில் சென்டர் ஸ்டாண்டில் போட்டோம்.

இந்த வேலைக்கு எப்போதும் ரெண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் லிவரை அழுத்திப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றும் டியூப் வழியாக வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முந்திவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். மெக்கானிக்குகள் "அமுக்கு, புடி, வுடு" என்று கத்திக்கொண்டே செய்வார்கள். எங்களுக்கு அது முடியாதல்லவா? ரேவதி கீழே குனிந்திருந்தாள், என் கை லிவரில் இருந்தது. அதனால் என் ஷூ நுனியை அவள் முட்டியில் வைத்துக்கொண்டேன். ஒரு தட்டு என்றால் பிடித்துவிட்டேன், திற. ரெண்டு தட்டு என்றால் லிவர் அடிவரை வந்துவிட்டது, மூடு. மூடியதும் அவள் என் ஷூவைத் தட்டுவாள், நான் லிவரை விடுவேன். ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டியூபில் நிறைய குமிழி வந்தது. பிறகு குறைந்தது. பிறகு சுத்தமாக நின்று, வெறும் ஆயில் மட்டும் வந்தது. ரெண்டு பேரும் சந்தோஷமாக நிமிர்ந்தோம். லிவரைப் பிடித்தால் மறுபடியும் பஞ்சு மாதிரிதான் இருந்தது.

திரும்பச் செய்தோம். அப்படியேதான் இருந்தது. பாட்டிலில் பாதி ஆயில் தீர்ந்துவிட்டது. நடுவில் நான் ஆயிலை டேங்கில் சிந்திவிட்டேன். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் நான் துணியைத் தேடிக்கொண்டிருந்தேன், ரேவதிதான் தண்ணீரை ஊற்றினாள். குமார் செல்போனை எடுத்து ஆட்டோக்காரருக்குப் போன் போட ஆரம்பித்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "போதும்மா, விட்டுடு" என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து ஹோஸை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேவதிக்கு அம்பத்தூரில் பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை. வாயின் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பார்கள். பிளாஸ்டரில் ஒரு குமிழி நின்றாலும் அந்தப் பல் வீண். அதனால் ஊற்றும்போதே தட்டித் தட்டிக் குமிழியை மேலே வரவைப்பதுதான் அவளுக்குப் பல வருடமாக வேலை. எழுந்து நின்று என்னிடம் கேட்டாள்:

"குமிழி எப்பவும் மேலதானே ஏறும்? நாம ஏன் கீழ இழுக்கறோம்?"

எனக்கு உடனே புரியவில்லை. கைப்பிடியில் ஆயில் டப்பா இருக்கும் இடத்தைக் காட்டினாள். அதற்குப் பக்கத்தில்தான் ஹோஸ் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது, மொத்தக் குழாயிலும் மேடான இடம் அதுதான். காற்று அங்கே போய் ஒளிந்துகொண்டால், கீழே எத்தனை தடவை நிப்பிளைத் திறந்தாலும் அது இறங்கி வராது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி சைடு ஸ்டாண்டில் போட்டாள். ஹேண்டில்பாரை முழுக்க இடது பக்கம் திருப்பினாள். இப்போது வண்டி இடது பக்கம் சாய, வலது கைப்பிடியும் அதிலிருந்த ஆயில் டப்பாவும் எல்லாவற்றையும் விட உயரத்துக்கு வந்துவிட்டன. டப்பா மூடியைத் திறந்து வைத்தாள். என்னைக் கீழேயிருந்து ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே வரச் சொன்னாள். அவள் லிவரை முழுக்க அழுத்தவில்லை. ஒரு நூல் அளவு உள்ளே, ஒரு நூல் அளவு வெளியே, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டப்பாவில் கடுகு அளவு ஒரு குமிழி வந்து உடைந்தது. இன்னொன்று. அப்புறம் பயறு அளவில் ஒன்று.

"வருது வருது!" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் மாமா. எப்போது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. டப்பாவின் மேல் குனிந்து நின்றார், ரேவதியின் தலையும் அவர் தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குமிழி வரும்போதும் விரலை நீட்டி அவளுக்குக் காட்டினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், இருந்தாலும் காட்டினார். லிவர் அவள் கையில் இறுகிக்கொண்டே வருவது அவள் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் குமிழி நின்றது. டப்பாவில் கோடு வரை ஆயில் ஊற்றி மூடி, கீழே காலிப்பரில் இன்னும் ரெண்டு தடவை ஏர் எடுத்து முடித்தோம்.

அவள் மாமாவின் கையைப் பிடித்து லிவரில் வைத்தாள். "அழுத்திப் பாரு."

அவர் அழுத்தினார். பாதி தூரம்கூடப் போகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அசையவில்லை. பெஞ்சுக்குப் போய், பையை எடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"போலாமா?"

மெக்கானிக்கும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து லிவரைப் பிடித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குது!" என்றவர் என்னைப் பார்த்து, "மேடம் எங்க சார் கத்துகினாங்க?" என்று கேட்டார்.

"அவங்களையே கேளுங்க," என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். பிறகு ரேவதி முகத்தைப் பார்த்து, லிவரைக் காட்டி, எங்கே என்பது மாதிரி கையை விரித்தார். ரேவதி சிரித்துக்கொண்டே தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பல்லு கட்டற இடத்துல" என்று நான் மொழிபெயர்த்தேன். அப்போதும் புரியவில்லை. ஸ்பேனருக்குக் காசு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

உடனே மாமாவை ஏற்றிவிடவில்லை. ரேவதி தனியாகப் போய், காலியாக இருந்த ரோட்டில் பத்தில், இருபதில், முப்பதில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து ஹோஸ் மாட்டிய இரண்டு இடத்தையும் துணியால் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. பிறகுதான் மாமா ஏறினார். தோளில் தட்டுகிற வித்தையை அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். "ஆங், ஆங்" என்றார்.

நானும் குமாரும் ஆட்டோவில் பின்னால் போனோம். போய்வர முந்நூறு ரூபாய். மலைப் பாதை நீளமில்லை, ஆனால் வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது கவலையில்லை, இறங்கும்போதுதான் நான் ஆட்டோவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தரிசனம் முடிந்து, மாமாவின் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினோம். ஒரு வளைவில் நாலைந்து குரங்குகள் சுவரிலிருந்து ரோட்டுக்குக் குதித்தன. முன்னால் போன ரேவதியின் பிரேக் லைட் எரிந்தது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. மாமா லேசாக முன்னால் சாய்ந்து, நிமிர்ந்தார். குரங்குகள் நிதானமாகக் கடந்து போயின. ஆட்டோக்காரர், "நல்லா ஓட்றாங்களே" என்றார். "என் ஒய்ஃப்" என்றேன். அவர் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன்: "பிரேக்கும் அவங்களேதான் ரெடி பண்ணாங்க."

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அம்பத்தூரிலிருந்து நாங்கள் போன வழியில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். வண்டி பழசு என்றால் கிளம்பும் முன் பிரேக் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு வளைத்தால்தான் தெரியும். டிஸ்க் ஹோஸ் மாற்றினால் அன்றே மலை ஏறும் திட்டம் வேண்டாம், ஒரு நாள் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். ஏர் எடுக்கும்போது மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது, வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு என்ன ஆயில் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள், சீல் உடைக்காத பாட்டிலாக. கீழே எடுத்தும் லிவர் பஞ்சாகவே இருந்தால் ரேவதி செய்த மாதிரி சைடு ஸ்டாண்டும் இடது திருப்பமும் முயற்சி செய்யுங்கள். அப்படியும் இறுகவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். "ஓட ஓட செட்டாயிடும்" என்பது செருப்புக்குச் சரி, பிரேக்குக்கு இல்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் மாமா எங்கள் ஆட்டோவைப் பார்த்தார். "இதுக்கு எவ்ளோ குடுத்த?" என்று குமாரைக் கேட்டார். குமார் மூன்று விரலைக் காட்டியதும், "தண்டம்" என்றார். பிறகு, ஊருக்கும் ரேவதி வண்டியிலேயே வருவதாக அறிவித்தார். அம்மையார்குப்பம் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. என் ஹெல்மெட் ஏற்கெனவே அவர் தலையில்தான் இருந்தது. நான் குமாரோடு பஸ்ஸில் ஏறினேன்.

டிரைவருக்குப் பின்னால் ரெண்டாவது சீட் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு பைக். வெள்ளை வேட்டி காற்றில் பறக்க, மாமா ஒரு கையால் ஏதோ வயலைக் காட்டிக்கொண்டு போனார். ரேவதி நிதானமாக, தன் பாதையில், நாற்பதில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே லாரி மேல் லாரி. முந்த இடமில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். யாரும் திரும்பவில்லை.

"இன்னாய்யா இது, ரெண்டு பேருக்குமே காது கேக்காதா?" என்று டிரைவர் கத்தினார்.

குமார் சீட்டிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, கேக்காது. ஓட்டறது எம் மச்சினிச்சி, அவளுக்குப் பொறவியிலருந்தே. பின்னால எங்க மாமனாரு, அவருக்கு பவர்லூம் ஓட்டி ஓட்டிப் போயிடுச்சி," என்றார். "ஒண்ணியும் ஆவாது, நீங்க பின்னாலயே வாங்க. நல்லாத்தான் ஓட்டுவா."

டிரைவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, கியரை ஒன்று இறக்கினார்.